தாத்தா வண்டிக்குப் பேரன் சக்கரம்

1956ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பை வாங்கி, அதில் பளபளவென்று 22 அங்குல அலாய் வீல் மாட்டிவிட்டு, 'வண்டியை நவீனமாக்கிவிட்டேன்' என்று மார்தட்டும் அமெரிக்கரிடம் ஒரு விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். 1908இல் ஹென்றி ஃபோர்டு விற்ற மாடல் டி காரின் முன்சக்கர ரிம் 24 அங்குலம். கொள்ளுத்தாத்தா இவரை அப்போதே இரண்டு அங்குலம் முந்திவிட்டார்.

என்ன, தாத்தாவின் ரிம்மைத் தாங்கியது அலுமினியம் இல்லை, ஹிக்கரி மரத்தில் செய்த ஆரக்கால். கோடையில் மரம் காய்ந்து சுருங்கினால் சக்கரம் கடகடவென்று ஆடும். அதற்கு விவசாயி கண்ட கைவைத்தியம், வண்டியை ஓடையில் இறக்கி நிறுத்திவிடுவது. மரம் தண்ணீர் குடித்து உப்பினால் ஆரக்கால் இறுகிக்கொள்ளும். வண்டி ஊறுகிற வரைக்கும் அவர் கரையில் உட்கார்ந்து புகையிலை மென்றிருப்பார். தூறல் விழுந்தாலே பாலிஷ் போய்விடும் என்று வண்டிக்குப் போர்வை போர்த்துகிற பேரன் இதைக் கேட்டால் அவருக்குத்தான் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும்.

டயர் சமாச்சாரம் இன்னும் விசேஷம். முன்னால் 30க்கு 3, பின்னால் 30க்கு 3½. முதல் எண் டயரின் உயரம், இரண்டாவது அதன் பருமன். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒரே உயரம். உள்ளே பின் ரிம் மட்டும் ஒரு அங்குலம் சின்னது. அதனால் முன் டயர் பின்னால் நிற்காது, பின் டயர் முன்னால் ஏறாது. அச்சுப் பிசகாமல் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி கார் செய்து உலகத்துக்கே பாடம் நடத்திய முதலாளி, ஒரு காரின் நாலு சக்கரத்தையும் ஒரே மாதிரி செய்யவில்லை. முன்பக்கம் பாரம் கம்மி, அங்கே எதற்கு அரை அங்குல ரப்பரை வீணாக்குவது என்ற சிக்கனம்தான்.

பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுகிற சௌகரியமும் கிடையாது. ரிம் ஆரக்காலோடு ஒட்டிப் பிறந்தது. நடுரோட்டில் மண்டியிட்டு, கம்பி விட்டு நெம்பி, டியூபை உருவி, ஓட்டையை அடைத்து, திரும்பத் திணித்து, கைப்பம்பால் 60 பவுண்டு காற்றடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் அப்பாவிடமிருந்து வழியிலேயே பல புதிய சொற்களைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். கழற்றி மாட்டும் ரிம் 1919இல்தான் வந்தது. அதுவும் பல மாடல்களுக்குக் கூடுதல் காசு.

இதற்குள் ஊர் ஊராக ஜனங்கள் காரின் பின்பக்கத்தை அறுத்தெறிந்துவிட்டு, மரப்பெட்டி பொருத்தி மூட்டை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். பதினேழு வருஷம் இதை வேடிக்கை பார்த்த ஃபோர்டு, 1925 ஏப்ரலில் தானே ஒரு பெட்டி வைத்து, பிக்கப் என்று பெயரும் வைத்து, 281 டாலருக்கு விற்றார். ஃபோர்டு ஆலையின் முதல் பிக்கப் இப்படித்தான் பிறந்தது. ஜனங்கள் ரம்பத்தால் வரைந்த படத்துக்கு முதலாளி போட்ட கையெழுத்து அது.

அதற்கப்புறம் ரிம் சிறுக்க ஆரம்பித்தது. 1928இன் மாடல் ஏ காரில் 21 அங்குலம். 1930இல் 19, 1932இல் 18, 1933இல் 17, 1935இல் 16. வண்டிப்பாதைகள் தார்ச்சாலை ஆயின; சேற்றிலும் பள்ளத்திலும் ஏறி இறங்க உயரமான சக்கரம் தேவைப்படவில்லை. டயர் பருத்தது, காற்றழுத்தம் குறைந்தது, உட்கார்ந்தவர்களின் இடுப்பு பிழைத்தது. பிறகு 15க்கும் இறங்கி, பல வருஷம் அங்கேயே படுத்துக் கிடந்தது. அப்புறம் மறுபடி மேலே ஏறி, எஃப்-150 லிமிடெட் பிக்கப்பில் 22 அங்குலத்தைத் தொட்டது. இன்னும் இரண்டு ஏறினால் 1908.

ரப்பர் விஷயத்திலும் முதலாளி ஒரு கூத்து அடித்தார். பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் 1928இல் காடழித்து, ஃபோர்ட்லாண்டியா என்று சொந்தமாக ஒரு ரப்பர் ஊரே கட்டினார். மரங்களை நெருக்கி நட்டார்கள், இலைக்கருகல் நோய் ஜாலியாக மரத்துக்கு மரம் தாவியது. சாப்பாட்டுக்கூடத்து ஏற்பாடு பிடிக்காமல் 1930இல் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசாங்கத்திடமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். முதலாளி அந்தப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அமெரிக்க வண்டிகள் உருண்டது பெரும்பாலும் ஆசிய ரப்பரில்தான். மலாயாவில் விடிவதற்குள் எழுந்து பால்மரம் வெட்டப் போன நம் ஜனங்களின் உழைப்பு, எந்த டெக்சஸ் பண்ணையில் பஞ்சரானதோ தெரியாது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அமெரிக்காவில் முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் டயர். தேயாமல் இருக்கட்டும் என்று நாடு முழுக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்றார்கள். கூலிம் தோட்டத்து ஆளுக்கும் கான்சாஸ் விவசாயிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருந்தது இருவருக்குமே தெரிந்திருக்காது.

இனி போல்ட் புராணம். பேரன் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் நிற்கும். அந்த வட்டத்தின் விட்டம் பொருந்தினால்தான் சக்கரம் ஏறும். ஃபோர்டின் அரை டன் பிக்கப்பில் ஐந்து போல்ட், வட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மி.மீ. மாடல் ஏ காலத்து அளவு இது. நடுவில் 1936இல் ஃபோர்டு கார்களுக்கு என்ன பிடித்ததோ, வட்டத்தைப் பத்தேகால் அங்குலத்துக்கு விரித்தார்கள். நாலு வருஷம் கழித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி ஐந்தரைக்கே திரும்பினார்கள். பிக்கப்பில் அந்த ஐந்தரை 1996 வரை தாக்குப்பிடித்தது. 1997இல் ஃபோர்டு அதை 135 மி.மீ. ஆக்கியது. வித்தியாசம் 4.7 மி.மீ. கண்ணால் பார்த்தால் தெரியாது. அந்த எஃப்-150இன் வீலைப் பழைய வண்டியில் தூக்கி வைத்தால் முதல் போல்ட் இனிமையாக நுழையும், இரண்டாவது முனகிக்கொண்டே நுழையும், மூன்றாவது முடியாது என்று சொல்லிவிடும். பேரன் ரப்பர் சுத்தியலைத் தேடப் போவார். அது பத்தாது என்றுதான் 2004இல் போல்ட்டையும் ஆறாக்கினார்கள்.

செவ்ரோலெட்காரர்கள் இதற்கு அண்ணன். அவர்களுடைய அரை டன் வண்டிக்கு 1970 வரை ஆறு போல்ட், அதே 139.7. 1971இல் முன்னால் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். நல்ல காரியம்தான். அந்த மீட்டிங்கில் யாரோ எழுந்து, "அண்ணே, பிரேக்கை மாற்றும்போதே ஒரு போல்ட்டையும் குறைச்சுட்டா?" என்று கேட்டிருக்க வேண்டும், சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கியிருக்க வேண்டும். இரண்டு சக்கர இழுவை வண்டிகள் ஐந்து போல்ட்டாகி, வட்டமும் 127 மி.மீ. ஆகச் சுருங்கியது. நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு மட்டும் பழைய ஆறு. 1999இல் சில்வராடோ மாடல் வந்ததும் எல்லாருக்கும் மறுபடி ஆறு. ஆட்சி மாறினால் பாடப்புத்தகம் மாறுகிற கதைதான். விளைவு என்னவென்றால், டிரம் பிரேக்கில் தேய்த்துத் தேய்த்து நிற்கும் 1969 மாடலுக்கு இன்றைய சில்வராடோ வீலின் போல்ட் வரிசை சரியாக இருக்கும். ஒழுங்காக நிற்கத் தெரிந்த 1972 மாடலுக்கு இருக்காது. டொயோட்டா ஹைலக்ஸும் அதே ஆறு போல்ட், அதே 139.7 என்பது செவ்ரோலெட் பக்தர்களுக்கு முன்னால் உரக்கச் சொல்லக் கூடாத உண்மை.

டாட்ஜ்காரர்கள் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை, திசையிலேயே கை வைத்தார்கள். இடப்பக்கச் சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானே கழன்றுவிடுமாம். அதனால் 1960கள் முடிகிறவரை இடப்பக்கம் மட்டும் எதிர்மறை மரை. ஸ்டட்டின் முனையில் பொடி எழுத்தில் ஓர் 'எல்' பொறித்திருப்பார்கள். துருவும் கிரீஸும் மூடிய பிறகு அது யார் கண்ணுக்குத் தெரியும்? நட்டு இறுகிப்போச்சு என்று நினைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, ஸ்டட்டை முறித்த மகானுபாவர்கள் நிறைய. எல்லாப் பக்கமும் ஒரே மரை வைத்த மற்ற கம்பெனிகளின் சக்கரம் கழன்று ஓடவில்லை என்பதைக் கவனிக்க டாட்ஜுக்குப் பல வருஷம் ஆயிற்று.

பழைய கனத்த பிக்கப்புகளில் இரண்டு துண்டாகச் சேர்த்த ரிம் ஒன்று உண்டு. காற்றடிக்கும்போது துண்டு தெறித்தால் எதிரே நிற்பவர் இருக்க மாட்டார். டயர் கடைக்காரர்கள் அதற்கு 'விதவையாக்கி' என்றே பெயர் வைத்தார்கள். அதைத் தூக்கிப் போடுவதில் கிண்டலுக்கு இடமில்லை. பழைய வண்டியில் அது இருந்தால் முதல் வேலையாகக் கழற்றி எறிய வேண்டும்.

சரி, போல்ட் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஆஃப்செட். போல்ட் இறுகுகிற தட்டு பழைய ரிம்மில் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். புது வீலில் அது வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும். அதனால் மாட்டியதும் சக்கரமே வண்டிக்குள் ஒதுங்கும். வெளியே நின்று பார்த்தால் கச்சிதம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரிம்மின் உள்விளிம்பு டை ராடின் முனையைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். வெளியே தள்ள ஸ்பேசர் போட்டால், மட்கார்டு டயரைச் சீவும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று முன்பக்க சஸ்பென்ஷனை அப்படியே வெட்டி எறிகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடிப் போவது 2003 முதல் வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. பெரும்பாலும் போலீஸ் காராக உழைத்து, பழைய இரும்புக்கடைக்கு வந்த வண்டி. அதன் முன்பாகம் எஃப்-100க்கு அளவெடுத்த மாதிரி வருகிறது, டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அகலம் ஜாஸ்தி. இப்போது தலைகீழாக, உள்ளே ஒதுங்கும் வீல்தான் வேண்டும். முன்னால் போல்ட் வட்டம் 114.3, பின்னால் தாத்தாவின் 139.7. முன் சக்கரம் பின்னால் ஏறாது. மாடல் டி காலத்துக்கே திரும்பிவிட்ட பேரன், அதைச் சரிசெய்யப் பின் ஆக்சிலையும் மாற்றுகிறார்.

வேகமானி தனிக்கதை. 1948இன் ஃபோர்டு எஃப்-1 பிக்கப்புக்கு வந்த டயர் சுமார் 28 அங்குல உயரம். இன்று விரும்பி மாட்டும் 275/55 ஆர் 20 கிட்டத்தட்ட 32. முள் 52ஐக் காட்டும்போது வண்டி 60ஐத் தொட்டிருக்கும். தாத்தாவின் 11 அங்குல டிரம் பிரேக் அந்த ரிம்முக்குள் எங்கோ மூலையில் கிடந்து, இந்தக் கனத்தை நிறுத்து என்று யார் என்னைக் கேட்டார்கள் என்று முழிக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில், வெட்டாமல் ஒட்டாமல் பழைய ஃபோர்டின் போல்ட்டில் போய் உட்காரும் புது வீல் ஒன்று இருக்கிறது. ஃபோர்டு 1997இல் கைகழுவிய ஐந்து போல்ட் 139.7ஐ, அதற்கு மூன்று வருஷம் முன்பே பரம எதிரி டாட்ஜ் தன் ராம் 1500க்கு எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சம் 2018 வரை விடவில்லை. 20 அங்குல ராம் வீல் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். நடு ஓட்டை இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சங்கடம், அதன் நடு மூடியில் ராம் சின்னமாகக் கொம்போடு முறைக்கிற கிடாத் தலை. மூன்று தலைமுறையாக ஃபோர்டு தவிர வேறு வண்டியைத் தொடாத குடும்பத்துப் பேரன், வீலை ராத்திரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, விடிவதற்குள் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நாலு கிடாவின் தலையையும் எடுத்துவிடுகிறார். நம் ஊரில் புது வண்டிக்கு ஒரு கிடாதான் வெட்டுவார்கள்.