கூரை பறந்த மறுநாள் கதவைத் தட்டுறவன்

என்ன மாப்ள, மொட்டை மாடி இப்ப நல்ல காத்தோட்டமா இருக்காமே? இருக்காதா பின்ன, ஷீட்டு பூராவும் பின் தெருவுல கிடக்குதுன்னு உங்க அம்மா போன்ல ஒப்பாரி வைக்கிறா. எலெக்ட்ரானிக் சிட்டியில உக்காந்துக்கிட்டு அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரையே ஓட்டுறவன் நீ. உன் தலைக்கு மேல இருந்த தகரத்தைப் பிடிச்சு வைக்க முடியல. சரி விடு, சந்தாபுராவுல உனக்கு மட்டுமா போச்சு? ஆனேக்கல் ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டேதான் வந்தேன். எத்தனையோ மாடி தலைப்பாகை போன மாதிரிதான் நிக்குது.

நான் பேச வந்தது காத்தைப் பத்தி இல்ல. காலையிலேருந்து உன் வாசல்ல ஆள் மாத்தி ஆள் வந்து நிக்கிறானே, அவனுங்களைப் பத்தி. மழை விட்டு மண்ணு காயல, அதுக்குள்ள விசிட்டிங் கார்டோட வந்துட்டான். எவ்வளவு பாசம் பாரு! சொந்தத் தாய்மாமன் நானே ஓசூர்ல பஸ் ஏறி மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன். "சார், பக்கத்துத் தெருவுல வேலை நடக்குது, மிச்ச ஷீட்டு இருக்கு, இன்னைக்கே சொன்னா விலை கம்மி"ங்கிறான். உன் கை ஏற்கெனவே ஜீபேவுக்குப் போயிடுச்சு. போகட்டும். ஏமாறுறதுக்கும் ஒரு முறை இருக்கு, அதைக் கத்துக்கிட்டு ஏமாறு.

முதல் விதி. மேல ஏறாதவன்கிட்டயே வேலையைக் கொடு. தெருவுல நின்னபடி அண்ணாந்து பாத்து, இத்தனை சதுரடி, இத்தனை ரூபான்னு சொல்றான் பாரு, அவன் ஞானதிருஷ்டி உள்ளவன். ஏணி கேக்குறவனையும், மாடியில குனிஞ்சு குனிஞ்சு பாக்குறவனையும் அனுப்பிடு. அவனுக்குக் கண்ணு சரியில்ல.

சிரிக்காதடா. ஓசூர் சிப்காட்டுல ஷெட்டு ஏத்தியே முடி நரைச்சவன் நான். பறந்து விழுந்த ஷீட்டே எல்லாத்தையும் சொல்லிடும். ஸ்க்ரூ போட்ட ஓட்டையைச் சுத்திக் கிழிஞ்சிருந்தா, ஷீட்டு மெலிசு, இல்லைன்னா ஸ்க்ரூ போதாது. ஸ்க்ரூவும் ஷீட்டோட சேந்து பிடுங்கிட்டு வந்திருந்தா, கீழ இருந்த பைப்பு மெலிசு, இல்லைன்னா துருப்பிடிச்சது. கால் பைப்பே அடித்தகட்டோட பேந்து வந்திருந்தா, தப்பு ஆங்கர் போல்ட்டுல. உன் வீட்டுக் கதை இந்த மூணாவதுதான். தளத்துல இறக்க வேண்டிய காலை, ஹாலோ பிளாக் கைப்பிடிச் சுவத்துல ரெண்டே போல்ட்டுல நிறுத்தியிருக்கான். ஷெட்டு போகும்போது சுவத்துத் துண்டையும் கையோட கூட்டிட்டுப் போயிருக்கு. இதைப் பாக்காம புது ஷீட்டு மாட்டுறவன் அடுத்த சித்திரைக்கும் வருவான், இதே பாசத்தோட.

காத்து கூரையை அமுக்கும்னுதானே நெனைக்கிற? அமுக்காது, தூக்கும். மேல வேகமாப் போற காத்து கூரையை மேல் பக்கமா உறிஞ்சும். நாலு பக்கமும் திறந்த மாடி ஷெட்டுன்னா, உள்ள புகுந்த காத்து கீழேருந்தும் முட்டும். முதல் அடி ஓரத்துக்கும் மூலைக்கும்தான். எந்த ஊருக்கு எவ்வளவு காத்துன்னு இந்தியத் தரநிலைப் புத்தகம் ஐ.எஸ். 875 மூணாம் பாகத்துல போட்டிருக்கு. சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், பெங்களூருக்கு 33. அதைக் கேட்டதும் உன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது பாரு! 33 மீட்டர்னா மணிக்குக் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். அதே புத்தகத்துக் கணக்குல, அந்தக் காத்தோட அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. உன் ஷீட்டோட எடை சதுர மீட்டருக்கு நாலு கிலோ சுமாருக்கு. மிச்சத்தை யார் பிடிச்சு வைக்கிறது? ஸ்க்ரூவும் போல்ட்டும்தான். நீ என்னடான்னா வந்தவன்கிட்ட நீலக் கலரு இருக்கா, பச்சைக் கலரு இருக்கான்னு கேட்டுக்கிட்டிருக்க.

ஒண்ணு மட்டும் கேலி இல்லாம சொல்றேன். பக்கத்துல ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரையில, 2025 மார்ச் 22 அன்னைக்கு, நூறடிக்கும் உசந்த தேர் காத்து மழையில சாஞ்சு ரெண்டு உசுரு போச்சு. காத்து கம்மியான ஊருங்கிற நெனப்பு ஆளைக் கொல்லும். உன் ஷீட்டு விழுந்த இடத்துல நேத்து யாரும் நிக்கல. அது உன் கெட்டிக்காரத்தனம் இல்ல.

ரெண்டாவது விதி. எடை போட்டுப் பாக்காத, வாய் வார்த்தையை நம்பு. 0.50 எம்.எம்.னு பேசிட்டு 0.40 இறக்கினா கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும். 1,220 மில்லிமீட்டர் அகலச் சுருள்ல அடிச்ச கலர் ஷீட்டு, பூச்சோட சேத்து 0.50 கனம்னா, ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.5 கிலோ சுமாருக்கு நிக்கும். 0.40ன்னா 3.5க்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். வண்டியிலேருந்து இறக்கினதும் ஒரு ஷீட்டைப் பழைய இரும்புக்கடைத் தராசுல ஏத்தச் சொல்லு. ஷீட்டு ஏறுறதுக்கு முன்னாடியே காண்ட்ராக்டர் மூஞ்சியில எடை தெரிஞ்சிடும்.

மூணாவது. வேலை நடக்கும்போது கீழ ஏசி ரூம்ல மீட்டிங்ல இரு. மாடிக்குப் போனா கண்டதெல்லாம் கண்ணுல படும். கட்டிங் மெஷின்ல தீப்பொறி பறக்க ஷீட்டை அறுப்பான். வெட்டின ஓரத்துல பூச்சு கருகி, அங்கிருந்துதான் துரு ஏறும். தகரக் கத்திரி, நிப்ளர் வெச்சு வெட்டுறவன் வேலை தெரிஞ்சவன். ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கிற ரப்பர் வாஷரைக் குனிஞ்சு பாரு. நசுங்கிப் பிதுங்கி நின்னா அளவுக்கு மீறி இறுக்கியிருக்கான், விரலால சுத்தினா அது சுத்துச்சுன்னா இறுக்கவே இல்ல. ரெண்டும் ஒழுகும். சாயங்காலம் கூரையில கிடக்கிற இரும்புத் தூளைத் தொடப்பத்தால கூட்டுறானான்னு பாரு. கூட்டாம விட்டா மொத மழைக்கே புதுக் கூரையில செம்புள்ளி விழும். தொடப்பம் எடுக்கிறவனுக்கு டீயோட பன்னும் வாங்கிக் கொடு.

நாலாவது. முழுப் பணத்தையும் மொதல்லயே கொடுத்துடு. கன்னட நாட்டுல ஒருகாலத்துல பேயை விரட்ட வாசக்கதவுல 'நாளெ பா', அதாவது நாளைக்கு வான்னு எழுதி வெப்பாங்க. முழு அட்வான்ஸ் வாங்கின காண்ட்ராக்டர் எழுதக்கூட மாட்டான். "நாளெ பர்த்தினி சார்"னு போன்லயே சொல்லிடுவான். அதெல்லாம் வேண்டாம்னா, ஷீட்டையும் பைப்பையும் நீயே கடைக்குப் போய் உன் பேருல பில்லு போட்டு வாங்கு. கூலியை வேலை நகர நகரக் கொடு. ஒரு பங்கைப் பிடிச்சு வெச்சுக்கோ, மொத பெருமழைக்கு ஒழுகலைன்னு பாத்ததும் கொடுத்துடு. ஷீட்டு கனம், பைப்பு கனம், போல்ட் எத்தனை, எத்தனை வருஷம் பொறுப்புன்னு கொட்டேஷன்ல எழுதச் சொல்லு. ஜி.எஸ்.டி. நம்பர் கொடுத்தா அரசாங்க வலைத்தளத்துல தட்டிப் பாரு, பேரு வந்துடும். சின்ன ஆளுக்கு நம்பர் இல்லாம இருக்கலாம், அது குத்தம் இல்ல. இல்லாத நம்பரைக் கார்டுல அடிச்சு வெச்சிருந்தா, ஆளும் அப்படித்தான்.

அஞ்சாவது. போன வாரம் போட்ட கூரையைப் போய்ப் பாத்துட்டு வா, பளபளன்னு இருக்கும். எனக்கு வேணும்னா ரெண்டு மூணு மழைக்காலம் தாங்கின கூரையைக் காட்டச் சொல்லுவேன். வீட்டுக்காரர்கிட்ட தனியாப் பேசுவேன். காண்ட்ராக்டர் பக்கத்துல நின்னா எல்லாரும் நல்லாத்தான் சொல்லுவாங்க.

இவ்வளவுக்கும் நேரம் எங்க மாமான்னு கேப்ப. நேரத்தைத் தார்ப்பாய் வாங்கிக் கொடுக்கும். 2018 நவம்பர் 16ல வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறினப்போ, கூரை போன சனம் மொதல்ல தேடினது அதைத்தான். நீயும் மொதல்ல அதைக் கட்டு. கட்டுறதுக்கு முன்னாடி எல்லா மூலையையும் போட்டோ எடு. வீட்டுக் கடனோட இன்சூரன்ஸ் போட்டிருப்ப, பிரிச்சே பாத்திருக்க மாட்ட. 2021 ஏப்ரல்லேருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் விக்கிற பாரத் கிருஹ ரக்ஷாவுல புயல் காத்துச் சேதமும் உண்டு. மாடி ஷெட்டு அதுல சேருமான்னு கேளு. சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி குப்பையை அள்ளிடாத. எதுத்த வீட்டுல உடைஞ்சு கிடக்கிறது ஆஸ்பெஸ்டாஸ். அதைச் சம்மட்டியால நொறுக்க விடாதேன்னு அவங்களுக்கும் சொல்லு, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணி தெளிச்சு, முழுசா இறக்கணும்.

இத்தனைக்கும் மேல ஒருத்தன் ஏமாத்திட்டா, நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. அஞ்சு லட்சம் வரைக்கும் கொடுத்த பணத்துக்கு அங்க கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், பில்லோட போகணும். ஜீபே ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நீட்டினா, என்ன பேசினீங்கன்னு கேப்பாங்க. "நீலக் கலரு"ன்னு சொல்லு.

இத்தனை கேள்வி கேட்டா எவன் வேலைக்கு வருவான்னு முணுமுணுக்கிற, காதுல விழுது. பத்துப் பேருல எட்டுப் பேரு வரமாட்டான். அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன். மேல ஏறிப் பாக்காதவனுக்கும், எழுதிக் கொடுக்காதவனுக்கும், பழைய வேலையைக் காட்டாதவனுக்கும் ஒத்த ரூபா அட்வான்ஸ் கொடுக்காத.