அடிவானம் இல்லாத ஊருக்கு ஒரு ஃபில்டர்

ஜிஎன்டி ஃபில்டரில், அதாவது லென்ஸுக்கு முன் மாட்டி வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஃபில்டரில், எது வாங்கலாம் என்று கேட்டால், பதில் சொல்கிறவர்கள் எல்லாருமே ஏதாவது ஒரு கடற்கரையில் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள். இந்த வாரம் ஒருவர் எனக்குச் சொன்ன அறிவுரையும் அப்படித்தான். முன்னால் பாறை, பின்னால் அலை, நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் அடிவானம். "முதலில் ஹார்ட் எட்ஜ் வாங்குங்கள்" என்கிறார். சொல்லுவார், அவருக்கென்ன! ஹார்ட் எட்ஜில் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி தெளிவு. ஃபில்டரின் கோட்டைக் கடலின் கோட்டில் பொருத்தினால் வேலை முடிந்தது. சேலம், நாமக்கல்காரன் எதன்மேல் பொருத்துவது? சமவெளி என்று பெயர்தான். சேலத்தில் வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை 1,500 மீட்டரைத் தாண்டி வானத்துக்குள் நுழைந்து நிற்கிறது. போகட்டும் என்று தெற்கே திரும்பினால் ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை. கிழக்கே கோதுமலை. இந்த வம்பே வேண்டாமென்று நாமக்கல்லுக்கு வந்தால் ஊர் நடுவிலேயே ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. அதை ஒதுக்கிவிட்டு கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. இவற்றில் எதற்கு முன்னால் ஹார்ட் எட்ஜைப் பிடித்தாலும் வானத்தோடு மலையின் தலையும் கறுக்கும். ஃபில்டரின் அடர்த்தி 0.9 என்றால் மூன்று ஸ்டாப். எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். நாமக்கல் பாறைக்கு அடிவாரத்தில் பட்டப்பகல், கோட்டையில் அமாவாசை. திருகி மாட்டும் வட்ட ஃபில்டரோ இன்னும் மோசம். அதில் கோடு நடுவிலேயே நிற்கும், நகராது. எல்லாப் படத்திலும் மலை சரியாகப் பாதியில் முடிய வேண்டும் என்று மலையிடம் யார் போய்ச் சொல்வது?

மேட்டூர் இருக்கிறதே என்பார்கள். 1934-இல் கட்டி முடித்த அணை, நிரம்பினால் 120 அடி, அங்கே நேர்க்கோடு கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் அக்கரையிலும் மலைதான். வெளிச்சமான வானம் அந்த மலைக்கு மேலேதான் தொடங்குகிறது, தண்ணீர்க் கோட்டில் இல்லை. அப்படியானால் சாஃப்ட் எட்ஜ் வாங்கு என்பது நியாயமான பேச்சு. கருமை மெல்ல மெல்லக் கரைவதால் மலைமேல் தழும்பு தெரியாது. ஆனால் சாயங்கால வெளிச்சம் உச்சத்தில் இருப்பது வானத்தின் அடியோரத்தில். அங்கேதான் சாஃப்ட் எட்ஜ் அரைப் பலத்தோடு நிற்கும். அதற்கு மருந்தாக ரிவர்ஸ் ஜிஎன்டி விற்கிறார்கள்: நடுக்கோட்டில் கருமை அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதற்கும் நேரான அடிவானம் வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடலுக்கே வந்துவிட்டோம்.

எதற்கு ஃபில்டர், இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துக் கணினியில் ஒட்டினால் ஆகாதா? காற்று இல்லாவிட்டால் ஆகும். இங்கே முன்னால் இருப்பது அசையாத பாறை இல்லை, மரவள்ளிக் காடும் தென்னையும். முதல் படத்தில் இந்தப் பக்கம் சாய்ந்த மட்டை அடுத்ததில் அந்தப் பக்கம்; ஒட்டினால் ஒரே மரத்துக்கு இரண்டு தலை. பக்கத்தில் செல்போனை நீட்டுகிறவனுக்கு இந்தக் கவலையே கிடையாது. போன் தானே நாலைந்து எக்ஸ்போஷரைச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. அவன் அதை மாமனுக்கு அனுப்பியும் விட்டான்.

சரி, எதைத்தான் வாங்குவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், 100-க்கு 150 மில்லிமீட்டர் செவ்வகத் தகட்டில் ரெசினா கண்ணாடியா என்று தீர்க்க வேண்டும். ரெசினில் கீறல் விழும், கண்ணாடி உடையும். தகட்டைப் பிடிக்கும் ஹோல்டருக்குத் தனி விலை.