சார்ஜ் போட்டால்தான் மைலேஜ்

கேள்வி: ஷோரூமில் ‘ஹைப்ரிட்’ என்று காட்டினார்கள். சார்ஜ் போட இடமே காணோமே? – வாசகர், துறைமங்கலம்

பதில்: இருக்காது. இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா எல்லாம் பெட்ரோலிலும் பிரேக்கிலும் தாமே பேட்டரியை நிரப்பிக்கொள்பவை. கிராண்ட் விட்டாரா பேட்டரியில் பிடிப்பது முக்கால் யூனிட் மின்சாரம். வீட்டு பிளக்கில் மாட்டும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் பத்து யூனிட், அதற்கு மேலும் பிடிக்கும். 2016-இல் இங்கே வந்த வோல்வோ எக்ஸ்சி90 டி8 அந்த ரகம். விலை கோடியைத் தாண்டியது.

கேள்வி: நமக்கு எட்டும் விலையில் பிளக்-இன் வந்தால் வாங்கலாமா? தினமும் பெரம்பலூர் – அரியலூர் போய்வருகிறேன். – ஆசிரியை, அரியலூர்

பதில்: தாராளமாக. போக 30, வர 30 கிலோமீட்டர் என்பது அந்த வண்டிக்கென்றே அளந்த தூரம். யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் நாளைக்கு 12 யூனிட். 9 ரூபாய் வீதம் போட்டாலும் 108 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் வண்டி இதே தூரத்துக்கு 4 லிட்டர் குடிக்கும்.

ஆனால் கரண்ட் பில்லைப் பாருங்கள். மாதம் 25 நாள் ஓட்டினால், இரண்டு மாதத்தில் காருக்கு மட்டும் 600 யூனிட். மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்தே கட்டணம் மாறிவிடும். பள்ளியில் ஒரு 15 ஆம்பியர் பிளக் கேட்டு வாங்குங்கள். பாதிச் சுமை அங்கே இறங்கும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மைலேஜ் போச்சா? – வாசகர், செந்துறை

பதில்: பெட்ரோல் காருக்குப் போச்சு, ஹைப்ரிட்டுக்கு அதுவே வரவு. லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் பிரேக் பேட் தேய்ந்து சூடாவதுதான் மிச்சம். இடைவெளி விடுங்கள். கண்ணாடியில் படியும் வெள்ளைத் தூசியும் குறையும், சிதறும் கல்லும் எட்டாது. முந்தும் அவசரத்தில் இந்த லாரிகள் ஓடும் சாலைகள் பல உயிர்களை வாங்கியிருக்கின்றன. மைலேஜை விட அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: பிளக்-இன்னில் சென்னைக்குப் போனால்? – வாசகர், வேப்பந்தட்டை

பதில்: பேட்டரியைப் புறவழிச்சாலையில் தீர்க்காதீர்கள். நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓடட்டும். தாம்பரம் நெரிசலுக்கு மின்சாரத்தைச் சேமித்து வையுங்கள். நெடுஞ்சாலையில் வேகத்தையும் அடக்குங்கள்: 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும்.

கேள்வி: ஜெர்மனியில் அண்ணன் பிளக்-இன் வைத்திருக்கிறார். சொன்ன மைலேஜ் வரவில்லையாம். – வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: அவருக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவில் ஓடும் பிளக்-இன் கார்களின் புகை, கம்பெனி சொன்ன கணக்கைப் போல சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிவித்தது. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடாமல் பெட்ரோலிலேயே ஓட்டியதுதான் முக்கியக் காரணம். சார்ஜ் போடாத பிளக்-இன், கனமான பேட்டரியைச் சுமக்கும் வெறும் பெட்ரோல் கார். அண்ணனிடம் முதலில் கேளுங்கள்: ராத்திரி வயரை மாட்டுகிறாரா?