ஹெட்லைட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு விழா. ஷாமியானாவுக்கு எதிரே நாலைந்து கார், ஒரு பஸ், அகப்பட்டுக்கொண்ட ஒரு ஷேர் ஆட்டோ. அதிகாரி குனிந்து, முகப்பு விளக்கின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டுகிறார். "சார், கையை அப்படியே வைங்க" என்கிறார் போட்டோகிராபர். மறுநாள் பேப்பரில் படம். பிள்ளையின் கன்னத்தில் வைக்கிற அதே பொட்டுதான். பிள்ளைக்கு வைப்பது எதிரே வருகிறவர் கண் பட்டுவிடக்கூடாதென்று. ஹெட்லைட்டுக்கு வைப்பது எதிரே வருகிறவர் கண் கெட்டுவிடக்கூடாதென்று.

பொட்டு என்ன செய்யும்? வெளிச்சத்தில் கொஞ்சத்தை மறைக்கும். மேலே பார்க்கிற விளக்கைக் கீழே பார்க்க வைக்காது. அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும், வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திவைக்கப் பத்து நிமிடமும் வேண்டும். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. பின்னால் பாரம் ஏறி வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டால் வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்கென்றே வைத்தது. அதை ஒருமுறையாவது தொட்டவர்கள் கை தூக்கலாம். ஆனால் ஸ்க்ரூவைத் திருகுவதைப் படம் எடுத்தால் எடுபடாதே! அதனால் பொட்டு.

சட்டம் ஏனோதானோவென்று எழுதப்பட்டதல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி எப்போதும் கீழ்நோக்கியே இருக்கவேண்டும் என்கிறது. ஒன்றரை மீட்டர்! சைக்கிள் மிதித்துப் போகிற நம்மூர்ப் பெரியவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். அவரை நிறுத்தி அளவெடுத்து எழுதியது போன்ற விதி. எழுதியதோடு அவரை நடுரோட்டில் விட்டுவிட்டோம்.

இனி கடைத்தெரு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில்தான் என்றில்லை, இன்று எந்தத் தாலுகா தலைநகரிலும் ஹெட்லைட்டுக்குச் சேலைக்கடை போல வண்ணம் விரித்துவைக்கிறார்கள். நீலம், ஊதா, மஞ்சள், பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் பச்சோந்தி ஃபிலிம். "ப்ளூ போடுங்கண்ணே, ஃபாரின் கார் லுக் வரும்" என்கிறான் கடைத் தம்பி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்டதை அவன் விற்கிறான்.

தம்பி சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஃபிலிம் நிறத்தைச் சேர்ப்பதில்லை. மற்ற நிறங்களைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் வெளியே விடுகிறது. சாதாரண ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் மஞ்சள் சாய்ந்தது, அதில் நீலம் கொஞ்சம்தான். அதன்மேல் நீலத்தை ஒட்டினால், இருந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் காசு கொடுத்துக் கழித்தாயிற்று. சாலை தெரியவில்லை. அதற்கு அண்ணன் கண்டுபிடிக்கும் வைத்தியம் என்ன? 60/55 வாட் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு 100/90 போடுவது. அதுவும் போதவில்லையென்றால், ஹாலோஜன் இழைக்கென்று வார்த்த குழிவுக்குள் எல்.இ.டி.யைச் செருகுவது. ஒளி பிறக்கும் இடம் மாறினால் ஒளி போகும் திசையும் மாறும். சாலையில் விழவேண்டியது தென்னை மரத்தில் விழுகிறது. தேங்காய் நன்றாகத் தெரியும்; பள்ளம் தெரியாது.

வெளிச்சத்தை முன்னால் இப்படி வாரி இறைக்கும் வள்ளலின் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். டெயில் லைட்டில் புகைக்கறுப்பு ஃபிலிம். 'ஸ்மோக்' என்று அதற்குப் பெயர். பிரேக் பிடித்தால் பிடித்தவருக்கு மட்டும்தான் தெரியும். எதிரே வருகிறவரைக் குருடாக்கு, பின்னால் வருகிறவர் கண்ணில் படாதே. முன்பக்கம் சிவப்பு காட்டாதே, பின்பக்கம் சிவப்பு காட்டு என்று ஊரெல்லாம் விதி வைத்தது, இருட்டில் ஒரு வண்டி வருகிறதா போகிறதா என்று மற்றவர் அறிவதற்கு. நாம் அதை அலங்காரக் கணக்கில் எழுதிவிட்டோம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? காரின் தலையில் சுழன்ற சிவப்பு விளக்கிலிருந்துதான் என்பேன். யார் யாரோ வைத்துக்கொண்டு திரிந்ததில் 2013இல் உச்ச நீதிமன்றமே கண்டிக்க வேண்டியதாயிற்று. 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தும் அது இறங்கியது. இறங்கிய விளக்கு எங்கே போயிற்று? ஊரில் ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிரில்லுக்குள் சிவப்பும் நீலமுமாக மின்னுகிற பட்டை, போலீஸ் என்று நினைத்து நாம் ஒதுங்கவேண்டும். ஒதுங்கிப் பார்த்தால் உள்ளே மச்சானும் நாலு பேரும் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறார்கள். ஆம்புலன்ஸ் அதே நிறத்தில் வந்தால் எவர் ஒதுங்குவார்?

2019இல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. லாரிக்கும் வேனுக்கும் இதைவிடக் கடுமையான ஒரு நாள் உண்டு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் நாள். அன்று ஃபிலிம் உரியும், எல்.இ.டி. பட்டை இறங்கும், அசல் பல்பு அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்து வரும். வண்டி மாப்பிள்ளை போல நின்று முத்திரை வாங்கும். சாயங்காலம் கழற்றியதெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். இது எல்லாருக்கும் தெரியும். முத்திரை குத்துகிற கைக்கு மட்டும் தெரியாது என்று நாம் நம்பவேண்டுமாம்.

சிரித்து எழுதிக்கொண்டு வந்தேன். இனி சிரிப்பு வரவில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில், கரும்பு வெட்டும் காலத்தில் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். எதிரே ஒரு வெள்ளை நெருப்பு வருகிறது. நீங்கள் டிம் அடிக்கிறீர்கள், அவர் அடிப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். கூசிய கண் தெளிய இரண்டே நொடி என்று வையுங்கள், 44 மீட்டர் குருட்டு ஓட்டம். வயதான கண்ணுக்கு இரண்டு நொடி போதாது. அந்த 44 மீட்டருக்குள் பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் ஒன்று நிற்கலாம். வேலை முடிந்து நடந்து வரும் பெண்கள் இருக்கலாம். விபத்து நடந்தால் 'அதிவேகம், கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். எதிரே வந்து கண்ணைப் பறித்தவர் அதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் மேல் வழக்கில்லை. அவர் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்று இரவும் அந்த ஒன்றரை மீட்டர் பெரியவர் சைக்கிளில் எதிரே வருவார். டிம் அடியுங்கள். பைக்கில் அந்த ஸ்விட்ச் இடது கைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.