பங்கு பிரிக்கிற அண்ணை

காசு யாருடையதாக இருந்தாலும் சரி, பங்கு பிரித்துத் தருகிறவர் அண்ணைதான். சீட்டு விழுந்திருக்கலாம், சுவிசிலிருந்து மருமகன் அனுப்பியிருக்கலாம், கரைவலையில் ஒரு நல்ல பாடு பட்டிருக்கலாம். ‘வீட்டில பாட்டுக் கேட்க ஒரு செட் வாங்கவேணும்’ என்று திருகோணமலைப் பக்கத்தில் எங்கள் சல்லி ஊரின் எந்த மூலையில் யார் வாய் திறந்தாலும், தேத்தண்ணி கொதிக்க முன்னம் அவருடைய சைக்கிள் அந்த வீட்டு வேலியில் சாய்ந்து நிற்கும்.

பழைய கலண்டர்த் தாள் ஒன்று கேட்பார். பின்பக்கத்தில் கோடு போட்டு ஸ்பீக்கர், அம்ப், பாட்டு வாற இடம், வயர் என்று நாலு தலைப்பு எழுதுவார். “ரெண்டு லட்சம் எண்டு வையுங்கோ” என்பார். நீங்கள் வைத்திருப்பது ஒன்றேகாலாக இருக்கும். பரவாயில்லை, காகிதத்தில்தானே.

முதல் சுற்றில் ஸ்பீக்கருக்கு ஒரு லட்சம். “காதுக்குக் கிட்ட நிக்கிறது அதுதான் தம்பி. மற்றதெல்லாம் அதுக்குப் பின்னால.” நியாயமான பேச்சு. இந்த இடத்தில் யாராவது பேனையைப் பிடுங்கியிருந்தால் ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்போது பாட்டுக் கேட்கும். ஆனால் அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும்.

தேத்தண்ணிக்குப் பிறகு டெசிபல். ஒரே வாட்ஸுக்கு 90 டெசிபல் தருகிற பெட்டியின் சத்தத்தை 84 டெசிபல் தருகிற பெட்டியில் எடுக்க நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். மூன்று டெசிபலுக்கு ஒருதரம் வாட்ஸ் இரட்டிக்கும். கணக்கில் பிழை பிடிக்க முடியாது. ஆகவே அம்புக்கு முப்பதாயிரம் கூட்டுவார். அதை ஸ்பீக்கரில் கழிப்பார். கழித்ததும் ஸ்பீக்கர் சின்னதாகிவிடும். “இந்தச் சின்னப் பெட்டிக்கு இவ்வளவு பெரிய அம்ப் என்னத்துக்கு?” என்று தன்னையே கோபித்துக்கொண்டு அம்பில் பதினையாயிரம் வெட்டுவார். வெட்டியது ஸ்பீக்கருக்குத் திரும்பும் என்று நினைப்பவர்கள் அண்ணையை அறியாதவர்கள். அது ‘பாட்டு வாற இடத்துக்கு’ப் போகும். ஏனென்றால் அந்நேரம் அவர் பேச்சுக்குள் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வந்து குந்திவிடுவார்.

1970களில் லின் கம்பனியைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன்தான் அவர். இசைத்தட்டு சுழலுகிற இடத்துக்கே முதலில் காசு போகவேண்டும், அங்கே தவறவிட்டதை எந்த ஸ்பீக்கராலும் மீட்டுத் தர முடியாது என்பது அவர் கட்சி. சுழல்தட்டு விற்றவர் வேறென்ன சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள், அண்ணை அன்றைக்குச் சோறு தின்னமாட்டார். தட்டில் ஊசி ஓடிய காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு பொருள் இருந்தது. 1982இல் சீடி வந்தபிறகு ஒரு கருவிக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் ஒடுங்கிவிட்டது. இப்போது பாட்டு வருவதோ கைபேசியில். “எண்டாலும் தம்பி, மூலம் மூலம்தான்.” எழுதுவார், அடிப்பார், மேலே எழுதுவார். பொழுதுபட முன்னம் பின்பக்கம் நிறைந்து, எழுத்து முன்பக்கத்துக்கு இறங்கிவிடும். அட்டமி நவமிக்கு மேலே அம்ப் விலை ஏறி நிற்கும். வலை இன்னும் கடலுக்குள்ளே கிடக்க, கரையில் பங்குச் சண்டை.

வயருக்கு அவர் ஒதுக்குவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நாலு மீட்டர் சாதாரண செப்பு வயர் போதும்.

அந்தத் தாளில் ஒருநாளும் ஏறாத தலைப்பு ஒன்று உண்டு: அறை. எங்கள் வீடுகளில் மேலே தகரம், கீழே சீமெந்து, சுற்றிவர வெறும் சுவர். சத்தம் போன இடத்திலிருந்து திரும்பித் திரும்பி வந்து பாட்டைக் குழப்பும். ஒரு தடித்த திரை, ஒரு பாய், சுவரோடு ஒரு புத்தக அலுமாரி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்துவைத்தல்: இவற்றுக்கான செலவு அவருடைய வயர்க் காசில் அடங்கும். ஆனால் பாய்க்கு டெசிபல் இல்லையே.

அதற்காக அவர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைக்கவேண்டாம். கோயில் பொங்கலுக்கு மரத்தில் கட்டுகிற குழாய்களில் எது கிழிந்தது என்று கடற்கரையில் நின்றே சொல்லுவார். உப்புக்காற்றில் பச்சை பூத்த அம்ப் எந்த வீட்டில் கிடந்தாலும் தானே வந்து திறந்து, பழைய பல்துலக்கி ஒன்றால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்து, கரண்ட் கொடுத்து, பாட்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கூலி வாங்கமாட்டார். ஜெர்மன் வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் 2013 வரை திருகோணமலையில்தான் இருந்தது. “உலகத்துக்கே சத்தம் அனுப்பின ஊர் தம்பி இது” என்று சொல்லும்போது அதைத் தானே கட்டி நிறுத்தியது போல நெஞ்சு நிமிரும். அவருடைய காதை நினைத்தால் எனக்கு ஒரு சோதனை ஞாபகம் வரும்: 1994இல் ஃபிளொய்ட் டூல், ஷோன் ஒலிவ் என்ற இருவர் ஒரே ஸ்பீக்கர்களைக் காட்டியும் மறைத்தும் போட்டுப் பார்த்தார்கள். பெட்டியைக் கண்ணால் கண்டதும் கேட்டவர்களின் மதிப்பெண் மாறிவிட்டது. அண்ணையைத் திரைக்கு இப்பால் இருத்தியிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். அவருடைய காதில் பிழையில்லை, பேனையில்தான்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2021இல் மகன் கனடாவில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு. அண்ணை பங்கு பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. இருநூறு சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வங்கியில் கிடந்த காசு அப்படியே இருந்தது, பெட்டியின் விலைதான் இருக்கவில்லை. அந்த மார்ச்சுக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அண்ணை ஐந்தாவது தலைப்பு எழுதினார்: ‘இன்வேட்டர்’. அக்கா என்ன கேட்க விரும்புகிறா, எங்கே இருந்து கேட்பா என்று இவ்வளவு காலத்தில் ஒருதரமாவது கேட்டாரா? இல்லை. குசினியில் மீன் வெட்டும்போது பழைய பாட்டும், வெள்ளிக்கிழமையில் அம்மன் பாட்டும். அவ்வளவுதான் அந்த மனிசிக்கு வேண்டியிருந்தது. அதற்கு எதற்கு 84 டெசிபல்?

கடைசியில் அக்கா தானே டவுனுக்குப் போய், தேங்காய் அளவில் ஒரு புளூடூத் பெட்டி வாங்கி வந்து குசினி யன்னலில் வைத்தா. மிச்சக் காசில் கூரைத் தகரம் மாற்றினா. அண்ணை வந்தார். யன்னலோரம் நின்று ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“பரவாயில்லை பிள்ளை. சார்ஜ் போடுற வயர் என்ன வயர்?”