ர-வுக்கு ஊர் சொல்லு

விளையாட்டு ரொம்பச் சுலபம் என்று சொல்லித்தான் எல்லாரையும் உட்காரவைத்தேன். உட்கார்ந்த நாலு பேரில் இரண்டு பேர் மறுநாள் காலைவரை பேசிக்கொள்ளவில்லை. அந்த இருவரில் ஒருவன் நான்.

ரிஷிவந்தியம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரன்ட் போனால் முதலில் மூச்சை விடுவது என் மிஷின்தான். அடுத்தது பக்கத்துக் கடை டெய்லர் அண்ணனின் மோட்டார் மிஷின். இரண்டு பேரும் கடை வாசல் திண்ணைக்கு வந்துவிடுவோம். மூன்றாவதாகக் குடையை மடக்கிக்கொண்டு வருகிறவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஐயா. அவருக்குக் கரன்ட் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். நாலாவது என் மச்சான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுகிறவன். மலையில் மழை பிடித்துக்கொண்டால் வண்டி இறங்காது. வண்டி இறங்காவிட்டால் அவன் என் திண்ணையில் ஏறிவிடுவான்.

திண்ணை மூன்று பேருக்குத்தான் தாங்கும். ஈர லுங்கியோடு அவன் நெருக்கி உட்கார்ந்தபோதுதான் ஐயாவுக்கு ஆழ்வார்கள் ஞாபகம் வந்தார்கள்.

"திருக்கோவிலூர்ல நடந்தது இதேதான் தம்பி" என்று ஆரம்பித்தார். கதை எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மழை ராத்திரி, இருட்டு, ஒரு இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டியதும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றுகொண்டார்கள். நாலாவதாக யாரோ புகுந்து நெருக்க, நெருக்குவது யாரென்று பார்க்க ஆளுக்கு நூறு பாட்டுப் பாடினார்கள். அங்கே நெருக்கியவர் பெருமாள்.

"அத்தனையும் அந்தாதி. ஒரு பாட்டு முடியுற சொல்லுலயே அடுத்த பாட்டு ஆரம்பிக்கும். நாமளும் சும்மாதானே இருக்கோம், ஆடலாமா?" என்றார் ஐயா.

ஆடினோம். ஐயா 'மரம்' என்றார். டெய்லர் அண்ணன் 'ம'வைப் பிடித்து 'மயில்' என்றார். மச்சான் யோசிக்கவே இல்லை. "லாரி!"

"லகரம் மொழிக்கு முதல்ல வராது" என்றார் ஐயா.

"நேத்துகூட வந்துச்சே ஐயா, கிழங்கு ஏத்திகிட்டு."

ஆட்டம் மூன்றாவது சொல்லிலேயே நின்றுபோனது. தப்பு மச்சான் மேல் இல்லை, மொழி மேல்தான். அவன், மயில், தேர், முள், யாழ் என்று நம் சொற்கள் போய் முடிகிற எழுத்தெல்லாம், இன்னொரு சொல் அங்கிருந்து கிளம்ப முடியாத எழுத்தாக இருக்கிறது. டெப்போவுக்குப் போன பஸ் மாதிரி. ஆழ்வார்கள் எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லையே பிடித்துக்கொண்டு போனதால் ஆளுக்கு நூறு பாட முடிந்தது. எங்களால் மூன்று.

முடிவிலிருந்து எழுத்தை எடுப்பதால்தானே வம்பு, சீட்டுக்கட்டிலிருந்து எடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல சரக்கு கிடையாது. கெட்டியானது, வழவழப்பானது, வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பத்திரிகையில் எட்டு அட்டை வெட்டலாம். ஆனால் தமிழுக்கு எழுத்து 247. அப்படியென்றால் 31 கல்யாணம் வேண்டும். மொய் எழுதியே கடை மூழ்கிவிடும். ஐயாவிடம் போனேன். அவர் நன்னூலை வைத்துக் கழிக்க ஆரம்பித்தார். மெய்யெழுத்து பதினெட்டும் முதலில் வராது, தள்ளு. ஆய்தம் வராது, தள்ளு. உயிர் பன்னிரண்டும் வரும். உயிர்மெய்யில் க, ச, த, ந, ப, ம ஆறும் எல்லா உயிரோடும் வரும். வ எட்டு, ய ஆறு, ஞ நாலு, ங ஒன்றே ஒன்று. மொத்தம் 103. வரிசைக்கு ஒரு அட்டை என்று வைத்தால் 22 போதும். மூன்று கல்யாணத்தோடு முடிந்தது. இலக்கணத்தால் எனக்குப் பணம் மிச்சமானது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வெட்டித் தரச் சொல்லி டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கத்தரியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினால் மொண்ணையாகிவிடுமாம். பெற்ற பிள்ளை கேட்டாலும் தர மாட்டாராம். பிளேடு வைத்து நானே வெட்டினேன். 'ஞ' மட்டும் கொஞ்சம் கோணல்.

எந்த எழுத்துக்கு எத்தனை அட்டை போடுவது என்பது அடுத்த பஞ்சாயத்து. ஸ்கிராபிள் ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக்கலைஞர், நியூயார்க் பத்திரிகையில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணித்தான் கணக்குப் போட்டாராம். நானும் டீக்கடைக்குப் போனேன். டீக்கடைப் பேப்பரின் கதிதான் தெரியுமே. முதல் பக்கம் ஒருத்தர் கையில், விளையாட்டு இன்னொருத்தர் கையில், சினிமா பெஞ்சுக்கு அடியில். எனக்குக் கிடைத்தது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். அதை எண்ணியதில் தமிழில் அதிகம் புழங்கும் எழுத்துகள் 'க'வும் 'அ'வும் என்று தெரியவந்தது. அதுகளுக்கு இரண்டிரண்டு அட்டை போட்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஆனால் இந்த 22க்குள் எங்கள் தெருவே அடங்கவில்லை. டீ, ரசம், லட்டு, ரோடு, லாரி, டெய்லர், ஜெராக்ஸ் எதற்கும் இடமில்லை. "என் பொழப்பே இல்லாத கட்டுல நான் எப்படி ஆடுறது?" என்று டெய்லர் அண்ணன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. 'ஜ'வுக்காக நானும் வாதாடினேன். "உம்ம கடைக்கு நகலகம்னு பேர் இருக்கு, 'ந'வுல ஆடும்" என்று ஐயா வாயை அடைத்துவிட்டார். கடைசியில் சமாதானம் ஆனது. ட, ர, ல மூன்றும் விருந்தாளி அட்டைகளாக உள்ளே வரலாம். ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ சொல்லில் எங்கே வந்தாலும் அந்தச் சொல் செல்லாது. தலையாட்டினேன். அன்றைக்கு ஷ எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஆடும் முறை இதுதான். எழுத்து ஒரு கட்டு; ஊர், காய், நடிகர், துணி, சாப்பாடு, வீட்டுச் சாமான் என்று பொருள் ஒரு கட்டு. இரண்டையும் கவிழ்த்து வைத்து, மேலே இருப்பதை ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். 'க'வும் 'காய்'யும் விழுந்தால், கத்தரிக்காய் என்று முதலில் கத்திக்கொண்டே அட்டையை அடித்தவனுக்கு எழுத்து அட்டை சொந்தம். ஒரு சொல்லை ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைதான் சொல்லலாம். ஐந்து எண்ணுவதற்குள் யாரும் சொல்லாவிட்டால் அட்டை அடியில் போகும். குறைந்த அட்டை வைத்திருப்பவர் டீக்காசு கொடுக்க வேண்டும். அடிக்கும் கையில் மோதிரம் கூடாது என்பது மூன்றாவது ஆட்டத்தில் சேர்த்த விதி.

தமிழ் தெரிந்தவர் ஜெயிப்பார் என்றுதான் நினைத்தோம். முதல் நாலு ஆட்டத்துக்கும் டீக்காசு கொடுத்தவர் ஐயா. 'வ' விழுந்தது, 'காய்' விழுந்தது. ஐயா கண்ணை மூடினார், திறந்தார், "வழுதுணங்காய்!" என்றார். யாருக்கும் புரியவில்லை. அகராதியில் இருக்கிறது, கத்தரிக்காய்க்குப் பழைய பெயர் என்று விளக்கினார். மச்சான் கேட்டான்: "அப்ப கத்தரிக்காய் செலவாயிடுச்சா, இல்லையா?" இந்த விசாரணை நடக்கும்போது, பஸ்ஸுக்காகக் கடை ஓரமாக நின்று பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா, தலையைத் தூக்காமலே "வெண்டக்கா" என்றார். ஆட்டத்திலேயே இல்லாதவர். கையில் நார் இருந்ததால் அட்டையை அடிக்க முடியவில்லை, இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஐயாவுக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஒரு எழுத்தைக் கேட்டால் முப்பது சொல் வந்து நிற்கும். முப்பதும் ஒரே வாசலில் நெருக்கினால் ஒன்றும் வெளியே வராது. 1966இல் பிரவுன், மெக்நீல் என்று இரண்டு உளவியல்காரர்கள் இதைச் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். சொல் நாக்கு நுனியில் நிற்கிறவருக்கு அதன் முதல் எழுத்து தெரிகிறது, எத்தனை அசை என்றுகூடத் தெரிகிறது, சொல் மட்டும் வருவதில்லை. எங்கள் ஆட்டத்தில் முதல் எழுத்தை அட்டையே சொல்லிவிடுகிறது. அந்த ஆறுதலும் இல்லை.

மச்சானுக்கு ஊர் அட்டை விழுந்தால் கொண்டாட்டம். உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி கையை வீசிக்கொண்டே சொல்லுவான். ஆனால் காய், துணி எல்லாவற்றிலும் ஜெயித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. அட்டை புரளும் முன்பே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். கூர்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அட்டையின் முதுகில் கல்யாணம் இருந்தது! மாப்பிள்ளையின் பாதி மீசை தெரிந்தால் 'க', தலைவர் படத்தில் கும்பிட்ட கை தெரிந்தால் 'ப', 'நல்வரவை நாடும்' என்று இருந்தால் 'ம'. முழுக் கட்டையும் மனப்பாடம் செய்துவிட்டான். பள்ளிக்கூட நோட்டுக்குப் போடும் பிரவுன் தாளை முதுகில் ஒட்டிய பிறகு, அவனும் எங்களைப் போல ஐந்து எண்ணும்வரை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான்.

சில ஜோடி விழவே கூடாது. 'வ'வும் 'நடிகர்' அட்டையும் விழுந்தால் எங்கள் ஊரில் ஆட்டம் நடக்காது. 2011இல் இந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். பெயருக்கு நடுவில் 'ஜ' இருப்பதால் செல்லாது என்பதே மறந்துபோய் நாலு வாயும் ஒரே நொடியில் அதைச் சொல்லும், நாலு கையும் ஒரே அட்டையில் விழும், அதில் அடியிலிருக்கும் கை என்னுடையதாக இருக்கும். 'ஔ'வுக்கு ஔவையாரை விட்டால் ஔரங்கசீப். காய் கேட்டால் இருவரும் உதவ மாட்டார்கள். 'ங' புரண்டால் எல்லாரும் ஐயாவைப் பார்ப்போம். அவர் வானத்தைப் பார்ப்பார்.

'ச'வுக்கு ஊர் விழுந்தபோது டெய்லர் அண்ணன் "சங்கராபுரம்!" என்று அடித்தார். ஐயா முகத்தில் ஒரு சங்கடம். நன்னூலில் தப்பில்லை, ஆனால் தொல்காப்பியர் ச, சை, சௌ மூன்றும் முதலில் வராது என்கிறாரே என்றார். சங்கராபுரம் போச்சு, சட்டி போச்சு, சட்டை போச்சு, அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையும் போச்சு. "ரெண்டுல எது புதுசு?" என்று மச்சான் கேட்டான். நன்னூல் 13ஆம் நூற்றாண்டு என்றார் ஐயா. "அப்ப புது மாடலையே ஓட்டுவோம்." அத்தோடு தீர்ந்தது.

கடைசிக்கு வருகிறேன். ஒரு ராத்திரி எனக்கும் மச்சானுக்கும் சமமாக ஒன்பது அட்டை. ஒன்றே ஒன்று மிச்சம். புரட்டினேன். 'ர'. பக்கத்தில் 'ஊர்'.

நான் "ரிஷிவந்தியம்!" என்று கத்தி அடித்தேன். என் கைமேல் மச்சான் கை விழுந்தது. "ராசிபுரம்!"

முந்தினது நான்தான். இதற்கு டெய்லர் அண்ணன் சாட்சி. ஐயா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "ரகரம் விருந்தாளி, சரி. நடுவுல ஷகரம் இருக்கே. நீரும் சேர்ந்துதானே தலையாட்டினீர்? ராசிபுரத்துக்கு அட்டையைக் கொடும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ரிஷிகள் வந்து வணங்கினதால் ஏற்பட்ட பெயர், கோயிலில் இருக்கிறது, ஒன்றிய அலுவலக போர்டில் இருக்கிறது, என் ரேஷன் கார்டில் இருக்கிறது. சொந்த ஊரில் சொந்த ஊர் செல்லாது, நாமக்கல் மாவட்டத்து ஊர் செல்லுமா? ஐயா அசையவில்லை. "இருடிவந்தியம்னு சொல்லியிருந்தா ஏத்துப்பேன்" என்றார். அப்புறம் யோசித்து, "ஆனா அது 'இ' அட்டை" என்றார்.

பூக்கார அக்கா நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். "ரிசிவந்தியம்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

ஐயா வாயைத் திறந்தார், மூடினார். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறது. கண்டக்டர் சொல்வது ரிசிவந்தியம், என் அம்மா சொல்வது ரிசிவந்தியம். ஷகரத்தை எப்போதோ ஊரே கழற்றி வைத்துவிட்டது. கடையில் விண்ணப்பம் அடித்து அடித்து 'ஷி' போட்டுப் பழகின நான் ஒருத்தன்தான், நாக்கைச் சுருட்டி அட்டையை இழந்திருக்கிறேன். "அக்கா சொன்னா செல்லும். அவங்க ஆட்டத்துல இல்ல" என்றான் மச்சான். எனக்கும் ஐயாவுக்கும் வார்த்தை தடித்தது. ஐயா அந்த 'ர' அட்டையையே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தியாகதுருகத்தில் மை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், எனக்கு முன் சீட்டில் ஐயா. இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டோம். கண்டக்டர் வந்தார்.

"எங்க பெரியவரே?"

"ரிஷிவந்தியம் ஒண்ணு" என்றார் ஐயா. ஷி அவ்வளவு சுத்தமாக, பாடம் நடத்துகிற மாதிரி வந்தது.

பின்னாலிருந்து கையை நீட்டினேன். திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து 'ர'வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

கண்டக்டர் அட்டையை உற்றுப் பார்த்தார். "எந்த ஆபீஸ்ல குடுத்த கார்டா இருந்தாலும் இந்த பஸ்ல செல்லாது பெரியவரே. காசு எடுங்க."