ஐந்தாவது கியர் மிராசு

தஞ்சாவூர் ஜில்லாவில் சில வீடுகளுக்கு விலாசம் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி “ஜீப் வீடு எது?” என்று கேட்டால் போதும், டீக்கடைக்காரர் கையிலிருக்கும் வடிகட்டியாலேயே வழி காட்டிவிடுவார். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் மாடு இருக்காது. ஜீப் நிற்கும். ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கைலி கட்டிய கால்கள் என்றால் மெக்கானிக் பாய். வேட்டி கட்டிய கால்கள் என்றால் அவர்தான் நாம் பார்க்க வந்த மிராசு.

மிராசு என்பது இப்போது மரியாதைக்குச் சொல்வதுதான். நில உச்சவரம்பு 1961 சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று ஆகி, 1970-ல் 15 என்று சுருங்கியபோது தாத்தா காலத்து வேலிக்கணக்கெல்லாம் மாக்கணக்காகிவிட்டது. பாகப்பிரிவினையில் ஒரு தம்பிக்கு ரைஸ்மில், இன்னொருவருக்குக் கும்பகோணத்துக் கடை. இவர் ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஊரே இவரைப் பைத்தியம் என்றது. ரைஸ்மில் மூடிப் பல வருஷமாகிறது, ஜீப் இன்னும் ஓடுகிறது என்று இவர் சொல்லுவார். ஓடுகிறது என்பதைப் பற்றி மட்டும் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

வண்டி மஹிந்திரா சி.ஜே.3பி. பானெட் ஏன் இவ்வளவு உயரம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் பதில் வரும். “உள்ள இருக்கறது ஹரிக்கேன் என்ஜின் தம்பி. 134 கியூபிக் இஞ்சு, ரெண்டேகால் லிட்டர்னு வச்சுக்குங்க. இன்லெட் வால்வு தலையில, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்ல. தலையில வால்வு வந்ததால என்ஜின் உசந்து போச்சு, மூடி பத்தல. அமெரிக்காக்காரன் மூடியத் தூக்கிட்டான்.” 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த வண்டி இது. அங்கே 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் மஹிந்திரா விடாமல் செய்துகொண்டிருந்தது. இந்தத் தகவலைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தேசபக்தி தெரியும்.

சரி, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அங்கேதான் வியாதி. இந்த ரகத்து மனிதர்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் சர்க்கரை வருகிறதோ இல்லையோ, ஐந்தாவது கியர் ஆசை வந்துவிடும்.

அந்த ஜீப்புக்குப் பிறவியில் மூன்றே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்றால்தான் மரியாதையாக விழும், இல்லையென்றால் கரகரவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். மூன்றாவது கியர் நேருக்கு நேர், ஒன்றுக்கு ஒன்று. பின்னால் டிஃபரன்ஷியலில் 5.38. பதினாறு இஞ்சு ஜீப் டயரை வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் போக என்ஜின் நிமிஷத்துக்கு 3,100 சுற்று சொச்சம் சுற்றியாக வேண்டும். அந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. (மனைவி பக்கத்தில் இருக்கும்போது இது குறையா என்று பாய் ஒருமுறை கேட்டிருக்கிறார்.) ஐந்தாவது கியர் 0.8 என்று வைத்துக்கொண்டால் அதே 80-க்கு 2,500 சுற்று போதும். என்ஜின் மூச்சு விடும், பெட்ரோல் மிஞ்சும். இந்தக் கணக்கை விதைநெல் வாங்கிய பில்லின் முதுகில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எடுத்துக் காட்டுவார்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக ரோடு எங்கே இருக்கிறது?

நம் ரோடுகள் ஆற்றங்கரைக்குப் பிறந்தவை. ஆறு வளைந்தால் வளையும், மதகு வந்தால் குறுகும், வாய்க்கால் வந்தால் ஒரு குதி குதிக்கும். தை மாசியில் பாதி ரோடு நெல் காயும் களம். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேலிருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பதால், மூட்டையைப் பிரித்துக் கொட்டியவர் நம்மைப் பார்க்கும் பார்வையிலேயே வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். அது முடிந்தால் உளுந்துச்செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், நம் சக்கரம்தான் அவர்களுக்குக் கதிரடிக்கும் யந்திரம். அதுவும் முடிந்தால் அறுத்த வயலுக்கு மேய வந்த வாத்துக்கூட்டம். ஆயிரம் வாத்து ரோட்டைக் கடக்கிற வரைக்கும் எத்தனை கியர் இருந்தாலும் நியூட்ரல்தான்.

இதைச் சொன்னால் கோபம் வராது, சிரிப்பார். “தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போனா எத்தனை ஆறு? வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி. அஞ்சு! ஆத்துக்கு ஒரு கியர் வேண்டாமா?” இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

கியர் பாக்ஸ் வந்த கதை தனி. சென்னைப் புதுப்பேட்டைக்கு ராத்திரி பஸ் ஏறி, காயலான் கடை காயலான் கடையாக மண்டியிட்டுத் தேடி, பியூஜியோ வழியில் வந்த பி.ஏ.10 என்கிற ஐந்து கியர் பாக்ஸ் ஒன்றைப் பிடித்தார். மஹிந்திராவே பின்னால் வந்த தன் வண்டிகளில் போட்ட பாக்ஸ், அதனால் இது கலப்பு மணம் இல்லை, சொந்தத்தில் கொடுக்கல் வாங்கல்தான் என்பது அவர் சித்தாந்தம். சாக்கில் சுற்றி லாரி ஆபீஸில் போட்டு வந்து சேர்ந்தபோது, வீட்டம்மா ஆரத்தி எடுக்கவில்லை. “இது எத்தனை மூட்டை?” என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் பணம் மூட்டையில்தான் பேசும். ஒரு மா நிலத்துக் குறுவை போச்சு என்று தெரிந்ததும், அந்த அம்மாள் பாக்ஸைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

சட்டமும் அவருக்கு மனப்பாடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி செய்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதெல்லாம் கடகடவென்று வரும். “ஆனா ஆர்.சி. புக்ல என்ஜின் நம்பர் இருக்கு, சேஸிஸ் நம்பர் இருக்கு. கியர் எத்தனைன்னு எங்க போட்டிருக்கு?” என்பார். இது அவர் வாதம். இதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம்.

மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்குள் ஜீப் ரோட்டுக்கு வந்துவிடும் என்று சபதம். தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, கடைமடை வரைக்கும் வந்து, நாற்று பறித்து நடவும் ஆயிற்று. ஜீப் கொட்டகையில் குடல் வெளியே தெரியக் கிடந்தது.

காரணம் கிளட்ச். பழைய ஜீப்பில் கிளட்ச் முழுக்க இரும்பு வேலை. பெடலை மிதித்தால் அடியில் ஒரு ராடு இழுக்கும். அது ஒரு குறுக்குக் குழாயைத் திருப்பும். அந்தக் குழாயின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை கிளட்ச் ஹவுசிங்கில், இரண்டும் குண்டுமணி மாதிரி உருண்டைகளில் உட்கார்ந்திருக்கும். குழாயின் கை போய் ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பெடலில் ஒரு இஞ்சு சும்மா ஆடணும். அந்த ஒரு இஞ்சு இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் சுற்றித் தேய்ந்து அழும். இப்போது ஹவுசிங்கே வேறாகிவிட்டதால் குழாயின் மறுமுனைக்கு உட்கார இடமில்லை.

பாய் நல்ல யோசனை சொன்னார். “மொதலாளி, இந்த ராடு கீடெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஆயில் கிளட்சா ஆக்கிடுவோம். மாஸ்டர் சிலிண்டர் மேல, இன்னொரு சிலிண்டர் கீழ, நடுவுல ஒரு பைப்பு. ஒரு நாள் வேலை.”

மிராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது பஞ்சாயத்துக்கு அறிகுறி. “பாய், ராடு ஒடஞ்சா அம்மாபேட்டையில வெல்டிங் பட்டறை இருக்கு. சீல் போயி ஆயில் ஒழுகினா ராத்திரி ஒம்பது மணிக்கு எவன் தருவான்? தாத்தா மிதிச்ச ராடு. அஞ்சு கியர் வரட்டும், ராடு ராடாவே இருக்கட்டும்.” இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவர் கட்சிதான். கண்ணுக்குத் தெரிகிற இரும்பை நம்பலாம்.

ஆகவே லேத் பட்டறைக்குப் படையெடுப்பு. என்ஜினுக்கும் புது ஹவுசிங்குக்கும் நடுவில் அடாப்டர் பிளேட் கடைந்தார்கள். கிரான்க்கின் மையமும் பாக்ஸின் மையமும் ஒரு நூல் விலகினாலும் கியர் தானாகக் கழன்று விழும் என்பதால், லேத்காரர் டயல் கேஜை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டின் வட்டம் பழைய ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுப்பல் புது பாக்ஸின் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு பிளேட்டை அறுத்து ஒன்றாக ரிவெட் அடித்தார்கள். ஷாஃப்டின் மூக்கு உட்காருகிற பைலட் புஷ்ஷுக்கு வெண்கலம் வேண்டும் என்றதும், மிராசு சுவாமிமலைக்கே போய்விட்டார். அங்கே காவிரி வண்டலில் அச்சு எடுத்து விக்கிரகம் வார்க்கிற ஸ்தபதி ஒருவரிடம் கட்டைவிரல் பருமனில் ஒரு புஷ் கேட்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்த சாமியோட பீடத்துக்கு?” என்றாராம். புஷ் கடைசியில் லேத் பட்டறை மூலையில் கிடந்த துண்டு வெண்கலத்திலேயே ஆனது. ஆனால் சுவாமிமலைக் கதையைத்தான் அவர் சொல்லுவார்.

பாக்ஸ் நீளம் என்பதால் பின்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று, முன்பக்கத்தை நீட்ட வேண்டியதாயிற்று. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் மொத்தமே 80 இஞ்சு இடைவெளி இருக்கிற வண்டி. குட்டையான ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து நின்று, ஒரு வேகத்துக்கு மேல் விர்ரென்று அதிரும். அதை “தாளம்” என்கிறார்.

எல்லாம் பூட்டி முதல் தடவை கிளட்சை விட்டபோது வண்டி புறப்படவில்லை, சாமியாடியது. அட்ஜஸ்ட்மெண்ட் பார்த்தார்கள், பிளேட்டை இறக்கிப் பார்த்தார்கள், லேத்காரரைத் திட்டினார்கள். கடைசியில் விடை பழைய சாமான் டப்பாவில் கிடந்தது. ஹவுசிங்கிலிருந்து குறுக்குச் சட்டத்துக்குப் போகும் ஒரு சின்ன எஃகுக் கயிறு. எதற்கென்று தெரியாமல் பாயின் பையன் கழற்றி எறிந்திருந்தான். என்ஜின் ரப்பரில் மிதக்கிறது. பெடலை மிதிக்கும்போது ராடு இழுக்கிற இழுப்பில் என்ஜினே நகர்ந்தால், கிளட்ச் தானே மாட்டித் தானே விடும். நகராமல் பிடித்துக்கொள்வதுதான் அந்தக் கயிற்றின் ஒரே உத்தியோகம். கட்டியதும் ஆட்டம் நின்றது. அன்று முதல் பாயின் பையனுக்கு “கயிறு” என்று பெயர்.

அப்புறம் ரிவர்ஸ். பழைய பாக்ஸில் இடதுபக்கம் மேலே தள்ளினால் ரிவர்ஸ். புது பாக்ஸில் அதே இடத்தில் முதல் கியர். நாற்பது வருஷப் பழக்கம் கைக்கு இருக்கிறதே! கொட்டகையிலிருந்து பின்னால் எடுப்பதாக நினைத்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, ஜம்மென்று முன்னால் போய் வைக்கோல் போரில் ஏறினார். வீட்டம்மா வாசலில் நின்று, “அஞ்சு கியரும் முன்னாலதான் போகுமாக்கும்” என்றார். மிராசு பதில் சொல்லவில்லை. வைக்கோலைத் தட்டிக்கொண்டு, கியர் கம்பித் தலையில் பெயிண்டால் நம்பர் எழுத ஆரம்பித்தார்.

வண்டி லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் என்பதையும் சொல்லவேண்டும். எதிரே வருகிற பஸ்ஸை முதலில் பார்ப்பது வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள்தான். முன்னால் போகும் டிராக்டரை முந்த வேண்டுமானால் இவர், “வருதா?” என்று கேட்பார். அவர், “வருது” என்பார். எதுவும் வராதபோதும் பல சமயம் “வருது” என்பார். இந்த ஏற்பாடு இருக்கும்வரை ஐந்தாவது கியர் என்ன, பத்தாவது கியர் இருந்தும் பயனில்லை.

ஆகவே ஐந்தாவது கியர் வாரம் ஒருமுறை, ஞாயிறு விடியற்காலையில், திருச்சி நான்குவழிச் சாலையில்தான் விழுகிறது. வல்லம் தாண்டியதும் நாலு. செங்கிப்பட்டி நெருங்கும்போது ஐந்து. விழுந்த அந்த நொடியில் என்ஜின் சத்தம் இறங்கும், அவர் முகமும் இறங்கி அப்படியே சாந்தமாகிவிடும். பாயைப் போனில் கூப்பிட்டு, அவரும் கேட்கட்டும் என்று போனை என்ஜின் பக்கம் காட்டுவார். வாழவந்தான்கோட்டை டோல்கேட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிடுவார். கியருக்கு ஒரு மா குறுவையைக் கொடுத்த மனுஷர், சுங்கத்துக்குப் பைசா கொடுக்க மாட்டார்.

பெட்ரோல் மிஞ்சியதா என்று கேட்காதீர்கள். மிஞ்சியதையெல்லாம் மிஞ்சியதைச் சோதிக்கப் போன பயணங்கள் குடித்துவிட்டன. அடுத்த கோடையில் டிஃபரன்ஷியலில் 5.38-ஐக் கழற்றி 4.27 கிரவுன் பினியன் போடுவதாக இருக்கிறார். பாயும் மறுக்கவில்லை. அவர் மகளுக்கு அடுத்த கோடையில்தான் கல்யாணம்.

திருச்சி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயர்ந்த பானெட் வைத்த பச்சை ஜீப் ஒன்று எழுபதில் போய்க்கொண்டிருந்தால் பின்னால் நின்று ஹாரன் அடிக்காதீர்கள். பேசாமல் முந்திக்கொண்டு போய்விடுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார், நீங்கள் எந்த கியரில் போகிறீர்கள் என்று மட்டும் எட்டிப் பார்ப்பார்.